வேகத்தடை கேட்பதற்கு முன்னால்: தெருப் பாதுகாப்பும் உள்ளாட்சியும்

தெருமுனையில் வண்டி மோதி யாராவது விழுந்துவிட்டால், தண்ணீர் கொடுத்து ஆட்டோவில் ஏற்றி அனுப்பிய பிறகு கூடி நிற்பவர்கள் பேசுவது பெரும்பாலும் ஒரே பேச்சுதான். "இங்க ஒரு வேகத்தடை போட்டாத்தான் சரிப்படும்" என்பார் ஒருவர். "கவுன்சிலர்கிட்ட எத்தனை தடவை சொல்லியாச்சு, எதுவும் நடக்கல" என்பார் இன்னொருவர். மதுரையில் நான் குடியிருக்கும் விரிவாக்கப் பகுதியில் இதைப் பல வருடங்களாகக் கேட்கிறேன். நானும் இப்படிப் பேசியிருக்கிறேன்.

குடியிருப்போர் நலச் சங்கத்தில் மனு எழுதும் வேலை என் கைக்கு வந்தபோதுதான் எங்களுக்கு எவ்வளவு தெரியாது என்பது புரிந்தது. எங்கள் முதல் மனு எட்டு மாதம் பதில் இல்லாமல் கிடந்தது. வேண்டுமென்றே கிடப்பில் போட்டுவிட்டார்கள் என்று எல்லாரும் நம்பினோம். கடைசியில் விசாரித்தால், அந்தச் சாலைக்குப் பொறுப்பே இல்லாத ஓர் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம். கேட்டதும் அந்தச் சாலையில் போடக்கூடாத ஒன்றை. அதே தவறு இன்னொரு தெருவில் நடக்க வேண்டாம் என்பதற்காகவே இதை அடியிலிருந்து எழுதுகிறேன்.

எந்த மடையைத் திறக்கச் சொல்வது

கண்மாய்ப் பாசனம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஒரு கண்மாய்க்கு இரண்டு மூன்று மடைகள் இருக்கும். மேல மடைத் தண்ணீர் மேல வயலுக்கு, கீழ மடைத் தண்ணீர் கீழ வயலுக்கு. கீழ வயல் காய்கிறது என்று மேல மடையைப் பார்த்துக்கொள்கிறவரிடம் போய் நின்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. தண்ணீர் ஒரே கண்மாய்த் தண்ணீர்தான், மடை வேறு.

சாலையும் அப்படித்தான். கண்ணுக்கு எல்லாம் ஒரே தார். ஆனால் ஒவ்வொரு சாலைக்கும் ஓர் உடைமைத் துறை உண்டு. அந்தச் சாலையைப் போடவும் பராமரிக்கவும் அதில் மாற்றம் செய்யவும் பொறுப்பான அரசு அமைப்பைத்தான் இப்படிச் சொல்கிறேன். மதுரை 1971 மே 1-ஆம் தேதி மாநகராட்சி ஆனது. இன்று 100 வார்டுகள், 5 மண்டலங்கள். நம் வீட்டு வாசலில் இருக்கும் தெரு, குறுக்குத் தெரு, சந்து எல்லாம் பெரும்பாலும் மாநகராட்சியினுடையவை. ஆனால் நகருக்குள் ஓடும் பெரிய சாலைகளில் பல, மாநில நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தவை. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை போகும் 44-ஆம் எண் நான்குவழிச் சாலையும், தேனி வழியாக மூணாறு ஏறிக் கொச்சி போகும் 85-ஆம் எண் சாலையும் தேசிய நெடுஞ்சாலைகள். தெருவிலிருந்து மெயின் ரோட்டில் கால் வைக்கும் அந்த இரண்டு அடியில் பொறுப்பு ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு மாறிவிடுகிறது. விபத்து நடப்பதோ பெரும்பாலும் சரியாக அந்த இரண்டு அடியில்.

நமக்கு வேண்டிய மற்றவையும் இப்படித்தான் பிரிந்து கிடக்கின்றன. தெருவிளக்கு எரிய வைப்பது மாநகராட்சி. கம்பமும் மின்மாற்றியும் மின்வாரியத்தினுடையதாக இருக்கும். சிக்னல், ஒருவழிப் பாதை, 'இங்கே வண்டி நிறுத்தாதீர்' என்பதெல்லாம் போக்குவரத்துக் காவல்துறையைக் கேட்காமல் நடக்காது. ஒரே முனைக்கு மூன்று துறைகள் வரலாம்.

நம் சாலை யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஓரத்தில் மைல்கல் இருந்தால் அதன் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கல் இல்லையென்றால் வார்டு உதவிப் பொறியாளரிடம் கேட்கலாம். ஏ.இ. என்று எல்லாரும் சொல்வது இவரைத்தான். நம் வார்டின் சாலை, வடிகால் வேலைகளை நேரில் பார்ப்பவர். எங்களுக்கு உண்மை தெரிந்ததும் ஒரு பொறியாளர் வாயிலாகத்தான். "சார், நீங்க சொல்ற இடம் எங்க ரோடே இல்ல. ஹைவேஸ் ரோடு. அங்கிட்டு ஒரு மனு குடுத்திருந்தா எப்பவோ வந்து பாத்திருப்பாங்க" என்றார். எட்டு மாதம் காத்திருந்தது அந்த ஒரு வரிக்கு.

வாய்மொழியாகப் பதில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வரவேண்டும். இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு பிரிவு உண்டு. தவறான அலுவலகத்தில் விண்ணப்பித்தாலும், சரியான அலுவலகத்துக்கு ஐந்து நாளுக்குள் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். அதனால் எங்கே கேட்பது என்ற தயக்கமே வேண்டாம்.

கவுன்சிலரைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மாமன்ற உறுப்பினர் நம் குரலை மாமன்றத்துக்குக் கொண்டுபோகிறவர், அதிகாரிகளை உந்துகிறவர். தன் கையெழுத்தால் ஒரு லோடு தார் இறக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. மாநகராட்சிச் சாலையே இல்லாத இடத்துக்காக அவரைத் திட்டுவதில் பயனும் இல்லை. ஆனால் எழுத்தில் ஒரு மனு அவர் கையில் இருந்தால், மாமன்றக் கூட்டத்தில் எழுந்து பேச அவருக்கு ஒரு பிடி கிடைக்கிறது.

டாக்டரிடம் ஊசி கேட்பது

காய்ச்சல் என்றால் டாக்டரிடம் போய், "ஒரு ஊசி போட்டு விடுங்க" என்று கேட்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. நல்ல டாக்டர் உடனே ஊசியை எடுக்கமாட்டார். எத்தனை நாளாகக் காய்ச்சல், குளிர் இருக்கிறதா, சளி இருக்கிறதா என்று கேட்பார். நாம் சொல்ல வேண்டியது நோய்க்குறியை. மருந்து என்ன என்பது அவர் வேலை.

தெருவுக்கு மனு எழுதும்போது நாம் எல்லாரும் ஊசியைத்தான் கேட்கிறோம். 'எங்கள் தெருவில் வேகத்தடை அமைத்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.' அந்த முனையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று ஒரு வரிகூட இருக்காது. பொறியாளர் வந்து பார்த்து, இந்த இடத்தில் வேகத்தடைக்கு விதி இடம் தராது என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது. அதே மனுவில், 'காலை எட்டு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடக்கும்போது, நிறுத்தியிருக்கும் வண்டிகளால் வருகிற வாகனம் தெரிவதில்லை' என்று எழுதியிருந்தால் அவர் கையில் நான்கைந்து வழிகள் இருந்திருக்கும்.

ஊசியை நாமே போட்டுக்கொள்வது இன்னும் மோசம். அதை நான் கண்ணால் பார்த்தேன். எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு சிறுவனை பைக் இடித்துவிட்டது. கை எலும்பில் விரிசல். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே, வீடு கட்டி மிஞ்சிய ஜல்லியையும் சிமெண்டையும் குழைத்துத் தெருவுக்குக் குறுக்கே ஒரு மேடு போட்டுவிட்டார்கள். ஈரச் சாக்குப் போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி, பொறுப்பாகத்தான் செய்தார்கள். ஒரு முழ அகலம், அரை முழ உயரம் இருக்கும். வெள்ளைக் கோடு இல்லை, மேலே விளக்கும் இல்லை. மூன்று வாரம் கழித்து ஓர் இரவு, ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்த ஒரு அக்கா அந்த மேட்டில் தூக்கி எறியப்பட்டார். நான் ஓடிப்போனபோது அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். எவர்சில்வர் தூக்குவாளி உருண்டுபோய்ச் சாக்கடை ஓரம் கிடந்தது, சாம்பார் ரோடெல்லாம். அவர் கணவர் மேட்டைப் பார்த்து, "இது எப்போ வந்துச்சு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். மேடு போட்டவர்களில் ஒருவர்தான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பிள்ளைகள் மேல் உள்ள அக்கறையில் செய்தது, இன்னொருவர் கையை முறித்தது.

வேகத்தடைக்கு அளவு உண்டு. சாலை அமைப்புக்கான தரங்களை எழுதும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு இதற்கென்றே வழிகாட்டுதல் வைத்திருக்கிறது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கான வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ள, மெதுவாக எழுந்து மெதுவாக இறங்கும் ஒரு வளைவு. ஏறக்குறைய ஒரு காரின் நீளத்துக்கு விரிந்திருக்கும் மேடு அது. அதற்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை வேண்டும், மேட்டின் மேல் இரவிலும் தெரியும் பூச்சு வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடைக்கு இடமே இல்லை. 2016-இல் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம், அங்கே இருந்தவற்றையே எடுக்கச் சொன்னது.

இதுவரை சொன்னது இரண்டு விஷயம். சாலை யாருடையது என்று முதலில் தெரிந்துகொள்வது. அப்புறம், தீர்வைக் கேட்காமல் பிரச்சினையைச் சொல்வது. இனி அந்தப் பிரச்சினை என்னவென்று பார்க்கலாம்.

தேரும் முட்டுக்கட்டையும்

சித்திரைத் தேர் மாசி வீதிகளில் வருவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். அத்தனை பேர் இழுத்து ஓட வைத்த தேரை, 'நில்' என்று சொன்னதும் நிறுத்திவிட முடியாது. சக்கரத்துக்கு அருகில் முட்டுக்கட்டையோடு போகிறவர்கள் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டே வருவார்கள். முனை வந்த பிறகு கட்டையைத் தேடினால் வேலைக்காகாது.

பைக்கும் காரும் அளவில் சின்னத் தேர்கள்தான். ஆள் குறுக்கே வருவதைப் பார்த்த நொடியிலிருந்து வண்டி முழுதாக நிற்கும் வரை ஓடும் தூரத்துக்கு நிறுத்தத் தூரம் என்று பெயர். இதில் இரண்டு பகுதி. கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்கைத் தொடுவதற்குள் வண்டி ஓடிவிடும் தூரம் ஒன்று. பிரேக் பிடித்த பிறகு தேய்த்துக்கொண்டு போய் நிற்கும் தூரம் இன்னொன்று.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 8 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே ஓடும். கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால், காய்ந்த தாரில் நல்ல பிரேக் உள்ள வண்டி மொத்தம் 13 மீட்டர் அளவில் நின்றுவிடும். 50 கிலோமீட்டர் என்றால் அந்த முதல் விநாடியிலேயே 14 மீட்டர் போய்விடும். முழுதாக நிற்க 28 மீட்டர் அளவுக்கு ஆகும். இப்போது 13 மீட்டர் தூரத்தில் ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு ஓடி வருகிறது. முப்பதில் வந்தவர் குழந்தைக்கு முன்னால் நிறுத்திவிடுவார். ஐம்பதில் வந்தவரின் கால் பிரேக்கைத் தொடும் முன்பே குழந்தை அடிபட்டிருக்கும், அதுவும் முழு ஐம்பதில். ஓட்டியவர் நல்லவரா கெட்டவரா என்பது இதில் வரவே இல்லை. மோதும் ஆற்றலும் வேகத்தின் இருமடிப்படி ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் அடி நான்கு மடங்கு.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், '50 ஒண்ணும் பெரிய ஸ்பீடு இல்லையே' என்று நம்மில் பலர் உண்மையாகவே நினைக்கிறோம். நான்குவழிச் சாலையில் அது பெரிய வேகம் இல்லைதான். பிள்ளைகள் விளையாடும் தெருவில் அது உயிரை எடுக்கும் வேகம். மத்திய அரசின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாட்டிலேயே அதிக எண்ணிக்கையில் சாலை விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு. 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். நாடு முழுவதும் அந்த ஆண்டு இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள், 19 பேருக்கு மேல் நடந்து போனவர்கள். கடைக்கும் பள்ளிக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் போகிற நம் வீட்டு ஆட்கள்தான் இவர்கள்.

சாலை சொல்வதைத்தான் கால் கேட்கும்

வேகமாகப் போவது ஓட்டுநரின் குணம் என்று நினைக்கிறோம். பாதிதான் உண்மை. ஒரே ஆள், ஒரே பைக். மேல மாசி வீதியில் கடைக்கு வந்தவர்கள், மூட்டை இறக்குகிறவர்கள் நடுவே ஊர்ந்துதான் போகிறார். அவரே பைபாஸில் ஏறியதும் பிடியை முறுக்குகிறார். பத்து நிமிடத்தில் அவர் குணம் மாறவில்லை. சாலை அவரிடம் சொன்னது மாறிவிட்டது. அகலமான, நேரான, முன்னால் வெகுதூரம் காலியாகத் தெரியும் சாலை 'போ' என்கிறது. குறுகலான, வளைவுள்ள, ஆள் நடமாட்டம் தெரியும் தெரு 'பார்த்துப் போ' என்கிறது. சாலையின் அமைப்பை மாற்றி ஓட்டுநரைத் தானாகவே மெதுவாகப் போக வைப்பதற்கு வேகத் தணிப்பு என்று பெயர். வேகத்தடை அதில் ஒரே ஒரு வகை. முனையின் அகலத்தைக் குறைப்பது, நடுவே ஒதுங்கி நிற்கத் திட்டு வைப்பது, கடக்கும் இடத்தைச் சற்று உயர்த்திப் போடுவது, நடைபாதையைச் சரிசெய்வது எல்லாம் அதன் மற்ற வகைகள்.

பல இடங்களில் சிக்கல் வேகம்கூட இல்லை, மறைப்பு. எங்கள் முனையில் அதுதான் இருந்தது. மளிகைக்கடைக்குச் சரக்கு இறக்க வரும் குட்டியானை வண்டி சரியாகத் தெரு திரும்பும் இடத்தில் நிற்கும். அதற்குப் பக்கத்தில் குப்பைத் தொட்டி, அதன் மேலே ஒரு பிளெக்ஸ். பிள்ளைகள் வண்டியின் மூக்கைத் தாண்டி வந்த பிறகுதான் மெயின் ரோட்டில் வருகிறவருக்குத் தெரிவார்கள். எத்தனை மீட்டருக்கு முன்பே ஒருவரை ஒருவர் பார்க்க முடிகிறதோ அதுதான் பார்வைத் தூரம். அது நிறுத்தத் தூரத்தைவிடக் குறைவாக இருந்தால் ஒருநாள் விபத்து நடந்தே தீரும். அங்கே செய்ய வேண்டியிருந்தது வண்டியைப் பத்தடி தள்ளி நிறுத்துவது, தொட்டியை எதிர்ப்பக்கம் மாற்றுவது, பிளெக்ஸை எடுப்பது. கடைக்கார அண்ணனிடம் பேசினோம். "அட, இது எனக்குத் தோணவே இல்லையேப்பா" என்று அன்றைக்கே வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொன்னார். தொட்டிக்கு மட்டும் மனு தேவைப்பட்டது. ஒரு மூட்டை சிமெண்டுகூடச் செலவாகவில்லை.

தோண்டிய சாலைகள் தனிக் கதை. முல்லைப் பெரியாறு குடிநீர்க் குழாய்க்காகவும் பாதாளச் சாக்கடைக்காகவும் மதுரையில் தோண்டப்படாத பகுதி குறைவு. குடிநீர் வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. தோண்டிய பள்ளத்தை மூடிச் சமன்படுத்துவதும் அதே வேலையின் பகுதிதான் என்பதை நாம் மறக்கக்கூடாது. எந்த வேலைக்காகத் தோண்டினார்கள் என்று மனுவில் குறிப்பிட்டால் அது சரியான மேசைக்குப் போகும். புதுத் தார் போடும்போது பழைய தாரைச் சுரண்டி எடுக்கிறார்களா என்றும் பாருங்கள். சுரண்டாமல் மேலே மேலே போட்டால் வீடுகள் பள்ளத்தில் போகும், சாக்கடை மூடிகள் குழியாக மாறும்.

வெளிச்சமும் ஆளரவமும்

தெருப் பாதுகாப்பு என்றால் வண்டி மட்டும் இல்லை. இரவு ஒன்பது மணிக்கு ஷேர் ஆட்டோவில் இறங்கி வீட்டுக்கு நடக்கும் ஒரு பெண்ணைக் கேளுங்கள். எந்த இடத்தில் நடையை எட்டிப் போடுகிறார், எந்த இடத்தில் போனைக் காதில் வைத்துக்கொள்கிறார் என்று அடி அளவில் சொல்வார். அந்த இடங்களைக் குறித்துக்கொண்டாலே பாதி ஆய்வு முடிந்தது.

விளக்கு எரியவில்லை என்று பொதுவாகச் சொல்லாமல் கம்ப எண்ணைச் சொல்லுங்கள். சில இடங்களில் விளக்கு எரியும், ஆனால் வேப்பங்கிளை மறைத்து வெளிச்சம் தரைக்கு வராது. அதற்குப் புது விளக்கு கேட்க வேண்டியதில்லை, கிளையைக் கழிக்கச் சொன்னால் போதும்.

தூங்கா நகரம் என்று பெயர் வாங்கிய ஊரில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரவு இட்லிக்கடையும் பூக்கார அம்மாவும் இருக்கும் முனையில் பெண்கள் தைரியமாக நிற்கிறார்கள். நடைபாதையை மீட்கிறோம் என்று முதலில் அவர்களைக் கிளப்பிவிடச் சொல்லும் மனுக்களில் எனக்கு உடன்பாடு இல்லை. நடப்பதற்கு வழிவிட்டு அவர்களுக்கும் இடம் ஒதுக்கலாம். தெருவோர வியாபாரிகளுக்கான 2014-ஆம் ஆண்டுச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. ஆள் இல்லாத சுத்தமான நடைபாதையைவிட, ஆவி பறக்கும் ஒரு இட்லிக் கொப்பரை அந்த முனைக்கு அதிகக் காவல்.

ஐம்பது மீட்டர், ஒரு செல்போன்

'வண்டிகள் அசுர வேகத்தில் செல்கின்றன' என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. எண் வேண்டும். இதற்கு வேகமானி தேவையில்லை. தெரு ஓரத்தில் டேப் வைத்து 50 மீட்டர் அளந்து, இரண்டு முனையிலும் சுவரில் சாக்பீஸ் கோடு போடுங்கள். ஒரு வண்டி முதல் கோட்டைத் தாண்டும்போது செல்போனில் விநாடி எண்ணத் தொடங்கி, இரண்டாவது கோட்டில் நிறுத்துங்கள். 180-ஐ அந்த விநாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். 6 விநாடி என்றால் 30. 4 விநாடி என்றால் 45. 3 விநாடி என்றால் 60.

நாங்கள் நான்கு பேர் காலை எட்டிலிருந்து ஒன்பது வரை மூன்று நாள் நின்றோம். ஒருவர் எண்ணினார், ஒருவர் எழுதினார், மற்ற இருவரும் எத்தனை பிள்ளைகள் கடக்கிறார்கள், எத்தனை முறை யாராவது பயந்து பின்வாங்குகிறார்கள் என்று கோடு போட்டார்கள். மயிரிழையில் தப்பிய சம்பவங்களை எழுதி வைப்பதுதான் இதில் மிக முக்கியம். அவை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கட்டம் போட்ட நோட்டில் எழுதிய அந்த மூன்று பக்கங்கள்தான் எங்கள் மனுவின் உயிர்.

சிறு விபத்துகளையும் காவல் நிலையத்தில் பதிவு செய்யுங்கள். புகார் பெற்றுக்கொண்டதற்கு அவர்கள் தரும் ரசீதைத்தான் சி.எஸ்.ஆர். என்கிறோம். 'சரி விடுங்க, சமாதானமாப் போயிடலாம்' என்று முடித்துவிட்டால், அரசுக் கணக்கில் அந்த முனையில் விபத்தே நடக்கவில்லை. கரும்புள்ளி என்ற சொல்லைச் செய்திகளில் கேட்டிருப்பீர்கள். தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று ஆண்டில், உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட 5 விபத்துகள் நடந்திருந்தால், அல்லது 10 பேர் இறந்திருந்தால் அந்த இடம் கரும்புள்ளி. நம் தெருமுனை அந்த எண்ணிக்கையை எட்டாது, எட்டவும் கூடாது. அதனால்தான் நம் நோட்டுப் புத்தகம் தேவைப்படுகிறது.

மனு போகும் வழி

ஒரு பக்கம் போதும். இடம் எது (வார்டு, தெரு, அடையாளத்துக்கு ஒரு கம்ப எண்), என்ன நடக்கிறது, எந்த நேரத்தில், யாருக்கு, நாங்கள் எண்ணிய எண்கள் இவை, நேரில் வந்து பார்வையிட்டுத் தக்க நடவடிக்கை வேண்டும். இரண்டு புகைப்படம், கையெழுத்துகள். பிள்ளைகள், முதியவர், மாற்றுத்திறனாளி யாராவது அந்த வழியைப் பயன்படுத்துகிறார்கள் என்றால் அதைச் சொல்லுங்கள். கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். அந்த எண்தான் அடுத்த ஆறு மாதத்துக்கு நம் பிடி.

அதன்பின் என்ன நடக்கும்? வீட்டுக்கு வெள்ளையடிக்க மேஸ்திரியைக் கூப்பிடுவது போலத்தான். வந்து பார்ப்பார், அளப்பார், இவ்வளவு ஆகும் என்பார், நாம் சம்மதித்த பிறகு ஆள் வரும். பொறியாளர் தயாரிக்கும் செலவுக் கணக்குக்கு மதிப்பீடு என்று பெயர். அதற்கு அனுமதி, பிறகு ஒப்பந்தப்புள்ளி, பிறகு பணி ஆணை. ஒவ்வொரு படியிலும் கோப்பு நிற்கலாம். 'எங்க வேலை என்னாச்சு?' என்று கேட்காமல், 'மதிப்பீடு தயாராகிவிட்டதா, கோப்பு இப்போது யாரிடம் இருக்கிறது?' என்று கேளுங்கள். பதில் தெளிவாக வரும். பட்ஜெட் நிதியாண்டு தொடங்கும் ஏப்ரலுக்கு முன்பே முடிவாகிவிடும். செலவுள்ள வேலை என்றால் மார்கழி, தை மாதத்துக்குள் மனு உள்ளே இருப்பது நல்லது.

மாநகராட்சியில் பதில் இல்லையென்றால் முதல்வரின் உதவி எண் 1100. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. சாலை அமைப்பில் தரம் பின்பற்றாததால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பானவர்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. முதல் மனுவிலேயே அதைத் தூக்கிக் காட்ட வேண்டாம் என்பது என் கருத்து. வந்து பார்க்கும் பொறியாளர் நம் பக்கம் நின்றால்தான் வேலை நகரும்.

பலருக்குத் தெரியாத இரண்டு கூட்டங்கள்

கிராமசபை எல்லாருக்கும் தெரியும். நகரத்திலும் அதுபோல ஒன்று உண்டு, பெயர் பகுதி சபை. வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதி வாக்காளர்கள் கூடிப் பேசும் கூட்டம். தமிழ்நாட்டில் இதற்கான விதிகள் 2022-இல் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் கூட்டங்கள் நடந்தன. நான் போன முதல் கூட்டத்தில் நாற்காலிகள் பாதி காலி. அந்தப் பாதியில் நம் தெரு ஆட்கள் பத்துப் பேர் உட்கார்ந்து, நோட்டில் உள்ள எண்ணை வாசித்துப் பதிவில் ஏற்றச் சொன்னால், அது பத்துத் தனி மனுக்களைவிடக் கனமானது.

இன்னொன்று மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு. ஆட்சியர் தலைமையில் காவல்துறை, நெடுஞ்சாலைத் துறை, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் எல்லாம் ஒரே மேசையில் உட்காரும் கூட்டம். கோவை எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில்தான், இந்தக் குழு எல்லா மாவட்டத்திலும் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் உத்தரவிட்டது. மூன்று துறைகளுக்கு நடுவே மாட்டிய முனை என்றால் மனுவை இந்தக் குழுவின் பெயருக்கு எழுதுங்கள். 'அது எங்க ரோடு இல்ல' என்ற பதிலை அந்த மேசையில் சொல்ல முடியாது.

மேலூர், உசிலம்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கக் கிராமங்களில் முறை கொஞ்சம் எளிது. தெருவுக்கு ஊராட்சி, கிராமங்களை இணைக்கும் பல சாலைகளுக்கு ஊராட்சி ஒன்றியம். கிராமசபையில் தீர்மானமாக நிறைவேற்றி நகல் வாங்கிக்கொள்ளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு வாய்ப்புகள்.

எங்கள் முனைக்கு இரண்டாவது மனு கொடுத்து நான்கு மாதத்தில் குப்பைத் தொட்டி இடம் மாறியது, விளக்கு வந்தது. பக்கத்துத் தெருவில் இருந்த சிமெண்ட் மேட்டையும் உடைத்துவிட்டு, அளவுப்படி ஒரு வேகத்தடையை அந்தத் தெருவுக்குள் தள்ளிப் போட்டார்கள். மெயின் ரோட்டில் கடக்கும் இடத்துக்குக் கோடு போடும் வேலை இன்னும் நெடுஞ்சாலைத் துறைக் கோப்பில் இருக்கிறது. ஐப்பசி மழை முடிந்ததும் வேகத்தடையின் வெள்ளைப் பூச்சு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதே சாக்பீஸ் கோடுகளுக்கு நடுவே இன்னொரு முறை எண்ணவும் வேண்டும். ஆசிரியர் புது நோட்டு வாங்கிவிட்டார்.